இரண்டாம் முறை சொன்னவள்

போன வாரம் பதுளையில் அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் வெடி கொளுத்தினார்கள். மாகாணத்தை ஆண்ட பழைய ஏஜண்டு துரை நியமித்துவிட்டுப் போன அரசாங்கப் பிரக்கிராசிமார், அதாவது குற்ற வழக்குகளில் அரசாங்கத்தின் பக்கம் நின்று வாதாடும் வக்கீல்கள், அத்தனை பேரையும் புதிதாக வந்த ஏஜண்டு துரை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். கடைத்தெருவில் கற்கண்டு கொடுத்தார்கள். என் இடத்தில் இப்போது கோர்ட்டில் மொழிபெயர்க்கும் துபாசியாக இருக்கும் நாகலிங்கம் அந்தக் கற்கண்டை ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, பீடை ஒழிஞ்சுது. வாயைத் திறங்க."

நான் திறக்கவில்லை.

"என்னண்ணே இது? ஊரே சிரிக்குது. நீங்க எழவு வீட்டுல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கீங்க. அவனுகளைத் தூக்கினது தப்புங்கிறீங்களா?"

"தப்புன்னு சொல்லலப்பா. இந்த வெடியை நான் முன்னாடியே ஒரு தடவை கேட்டாச்சு."

"அப்ப அதைச் சொல்லுங்க."

சொல்லத் தொண்டை இல்லை. அது போய்விட்டதால்தான் ஐம்பது வயதை எட்டுவதற்கு முன்பே உபகாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். ஆகையால் எழுதுகிறேன். நாகலிங்கம் படிக்கட்டும். கற்கண்டு கொடுத்தவர்களும் படித்தால் நல்லது.

பதுளைக் கடைத்தெருவில் அரிசியும் கருவாடும் விற்றவர் என் தகப்பனார். சிங்களம் கடை வாசலில் வந்தது. இங்கிலீசு பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் பிரம்போடு வந்தது. தமிழ் அம்மாவோடு வந்தது. அவ்வளவுதான் என் படிப்பு. கோர்ட்டில் சேர்ந்து சில வருஷம் பழைய துபாசியின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவர் எனக்குக் கற்றுத் தந்தது ஒன்றே ஒன்று: துபாசிக்குச் சொந்தமாக ஒரு 'நான்' கிடையாது. சாட்சி "நான் அடிச்சேன்" என்றால் துபாசியும் "நான் அடித்தேன்" என்றுதான் இங்கிலீசில் சொல்ல வேண்டும். "அவன் அடித்ததாகச் சொல்கிறான்" என்று ஒதுங்கி நிற்கக் கூடாது. அப்படி என் வாழ்நாளில் நான் செய்யாத கொலைகள், திருடி ஓட்டிப்போகாத மாடுகள், விட்டு ஓடாத தோட்டங்கள் எத்தனை! அத்தனையையும் என் வாயால் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சாயங்காலமும் வீடு திரும்பிக் கை கால் கழுவும்போது, இன்று யார் யாராக இருந்தேன் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் என் பெயருக்குத் திரும்புவேன்.

மலைகளுக்கு நடுவில் குழிந்து கிடக்கும் ஊர் பதுளை. காலையில் பனி இறங்கிக் கோர்ட்டு வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கும். அந்தப் பனிக்குள்ளிருந்து தேயிலைத் தோட்டத்துச் சனம் வரும். முதலில் இருமல் கேட்கும், அப்புறம் கம்பளி தெரியும், கடைசியாக முகம். பெரும்பாலும் ஒரே குற்றம். சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனது. இன்றைக்கு அதற்காக யாரையும் ஜெயிலில் போடுவதில்லை, சட்டம் மாறிவிட்டது. அன்றைக்கு அது திருட்டைப் போல ஒரு குற்றம். தோட்டத்துத் துரையோ, கூலி ஆட்களை மேய்க்கும் கங்காணியோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆணானாலும் பெண்ணானாலும் ஜெயில். ஜெயிலிலிருந்து வந்ததும் அதே தோட்டம்.

அந்தக் காலத்தில் எங்கள் அரசாங்கப் பிரக்கிராசி சபாபதி. கடைத்தெருவில் ஜவுளி வியாபாரம் செய்த குடும்பம். அவருக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று ஊரில் நாய்க்கும் தெரியும். அப்போதிருந்த ஏஜண்டு துரையின் தவணை முடிய இருந்தபோது, இவரே இன்னும் சில காலம் இருக்க வேண்டும் என்று கவர்னருக்கு மகஜர் போனது. கடை கடையாக ஏறி அதற்குக் கையெழுத்து வாங்கியவர் சபாபதி. துரையின் தவணை நீண்டது, சபாபதிக்கு உத்தியோகம் வந்தது. மாகாணத்தின் மற்றக் கோர்ட்டுகளிலும் இதே கதைதான். கையெழுத்துச் சேர்த்தவர்கள், தோரணம் கட்டியவர்கள், துரைசானியின் நாய் செத்ததற்குத் துக்கம் கேட்கப் போனவர்கள் எல்லோரும் பிரக்கிராசி.

அவர் நல்லவர் என்று நான் எழுதினால் செத்துப்போன அவரே சிரிப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கு நடத்தியபடியே தூங்குவார். மூக்குப்பொடி கறுப்பு அங்கியெல்லாம் உதிர்ந்து கிடக்கும். ஏஜண்டு துரை வீட்டுக்கு அன்னாசிப் பழம் போகாத வாரம் கிடையாது. ஆனால் சாட்சிக் கூண்டில் ஒரு தோட்டத்து மனுஷி வந்து நின்றால் அந்த ஆளுக்கு விழிப்பு வந்துவிடும். "உண்மையைச் சொல்" என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. "தாயி, அன்னைக்கு மழையா?" என்று தொடங்குவார். "கூடை முதுகுல இருந்துச்சா, கீழ இருந்துச்சா? கொழுந்து நனைஞ்சிருந்துச்சா? பக்கத்துல யாரு நின்னா, இடப்பக்கமா, சோத்துக்கைப் பக்கமா?" மழையிலிருந்து கூடைக்கு, கூடையிலிருந்து கைக்கு, கையிலிருந்து அடிக்கு. வழுக்குப் பாறையில் ஒருத்தியைக் கைபிடித்து இறக்குவதுபோல இறக்குவார். அவள் பாதி வழியில்தான் தான் எங்கே வந்துவிட்டோம் என்று பார்ப்பாள். அதற்குள் சொல்லி முடித்திருப்பாள்.

இனி அங்கம்மா.

நமுனுகுல மலையடியில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், ஈரக் கொழுந்து என்று எடையில் வெட்டினார்கள். மழைக்குள் நின்று பறித்த கொழுந்து நனையாமல் என்ன செய்யும் என்று அங்கம்மா கேட்டாள். தோட்டத்து உதவி நிர்வாகியான வெள்ளைக்காரச் சின்ன துரை கையிலிருந்த பிரம்பை வீசினார். பிரம்பின் நுனி அவள் இடது கண்ணை எடுத்துக்கொண்டது.

கிழிந்த சேலைத் துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தை விட்டு இறங்கி, பதுளைக்கு நடந்தே வந்து சேர்ந்தாள். கோர்ட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவளிடம் சேவகர் மீரான், "எதுக்கு வந்தே?" என்றார்.

"நாயம் கேக்க வந்தேனுங்க."

"ரெண்டு கண்ணு உள்ளவனுக்கே இங்க அது தட்டுப்படுறதில்ல புள்ள. உள்ள போ, போ."

வேறு எந்தத் தோட்டத்து வழக்காக இருந்தாலும் சபாபதி கையைக் கழுவியிருப்பார். துரைமாரைக் கூண்டில் ஏற்றியா அவர் அந்த நாற்காலியைப் பிடித்தார்? ஆனால் அடித்தவரின் பெயரைக் கேட்டதும் பொடி எடுத்த விரல் அப்படியே நின்றது. சில மாதங்களுக்கு முன் பதுளைக் குதிரைப் பந்தயத்தில், வெள்ளைப் பட்டுத் தலைப்பாகையோடு ஏஜண்டு துரைக்குச் சலாம் வைக்கப் போன சபாபதியின் பின்னால் வந்து, சவுக்கு நுனியால் தலைப்பாகையைக் கொக்கி போட்டுத் தூக்கிக் குதிரையின் காதில் மாட்டியவர் இந்தச் சின்ன துரைதான். துரைமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏஜண்டு துரையும் சிரித்தார். சபாபதியும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன்.

அங்கம்மாவுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று ஒரு மனிதன் எழுந்து நின்றான் என்றால், அது அந்தத் தலைப்பாகையால்தான். நியாயம் எந்த வாசல் வழியாக வந்தாலும் வரட்டும் என்று நான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சபாபதி அவளை உட்காரவைத்துச் சொன்னார்: "தாயி, கேட்டுக்க. நான் பிராது போட்டா நீ சர்க்கார் சாட்சி. அதுவரைக்கும் உன்னை யாரும் தொட முடியாது. ஜெயிச்சா அவருக்குத் தண்டனை. தோத்தா நீ பொய்ப் பிராது குடுத்தவ, சொல்லாமத் தோட்டத்தை விட்டு வந்தவ. ரெண்டுக்கும் சேர்த்து உனக்குத்தான் ஜெயில். என்ன சொல்ற?"

"போன கண்ணு வருமாங்க?"

"வராது."

"அப்ப பயந்து எதைக் காப்பாத்தப் போறேன்? போடுங்க."

கொட்டகையில் அதைப் பார்த்தவர்கள் மூன்று பெண்கள். அவர்களில் முதலாவது பொன்னி, அங்கம்மாவுக்கு அடுத்த நிரையில் கொழுந்து பறித்தவள், லயம் என்கிற ஒரே வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பிராவில், பக்கத்து அறையில், இருந்தவள். மூவரையும் பெரிய கங்காணி கூப்பிட்டுச் சொல்லி அனுப்பியிருந்தார். கோர்ட்டில் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் பாடமாகவே வைத்திருந்தார்கள்: கண்ணில் தேயிலைக் குச்சி குத்திவிட்டது. கோர்ட்டில் கையைத் தூக்கி உறுதி சொல்வது தோட்டத்துச் சனத்துக்கு ஒரு பொருட்டில்லை. அது துரைமார் சடங்கு. அங்கே சொல்வது அங்கேயே உதிர்ந்துவிடும்.

சபாபதிக்கு இது தெரியும். அவரவர் வழக்கப்படி கோயிலில் சத்தியம் செய்யச் சட்டத்தில் இடம் உண்டு, எதிர்த்தரப்பு சம்மதிக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். "கற்பூரம் கொளுத்தட்டும். கோர்ட்டில் கொசுவாவது குறையும்" என்றார். அதை நான் தமிழில் சொல்லவில்லை, மாஜிஸ்திரேட்டும் சொல்லச் சொல்லவில்லை.

சபாபதி, நான், மீரான், அங்கம்மா, மூன்று பெண்கள், எதிர்த்தரப்பு குமாஸ்தா ஒருவர் என்று கடைத்தெரு முனையிலிருந்த மாரியம்மன் கோயிலுக்கு நடந்தோம். பூசாரி கல்லின் மேல் சூடத்தை ஏற்றினார். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இது விளையாட்டில்லை. எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல், அம்மனுக்குக் கொடுத்துவிட்ட சொல். அதே சங்கதியை மறுபடி ஒரு தடவை சாட்சியாகச் சொன்னால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அம்மனுக்குக் கேட்கவில்லையோ என்று திரும்பச் சொல்கிற மாதிரி. அப்படிச் சொன்னவளோடு யாரும் சேர்ந்து அடுப்பு மூட்டமாட்டார்கள், கைக்குக் கை எதையும் கொடுக்கமாட்டார்கள்.

முதலில் அங்கம்மா அணைத்தாள். அடுத்தது பொன்னி. சூடத்தைப் பார்த்தாள், அங்கம்மாவின் கட்டுப் போட்ட கண்ணைப் பார்த்தாள், திரும்பவும் சூடத்தைப் பார்த்தாள்.

"ஆத்தா, என் புள்ளகுட்டி நல்லா இருக்கணும்" என்று ஓங்கி அடித்தாள். சூடம் அணைந்தது. "தொரதான் அடிச்சாரு. நான் பாத்தேன்."

அந்தச் சொல் வெளியே வந்ததும் மற்ற இரண்டு பேரும் அழுதுகொண்டே அணைத்தார்கள். உள்ளங்கையில் கரி அழியும் முன் எல்லோரையும் சபாபதி கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். கோயிலில் தொடங்கிய பேச்சு கோர்ட்டில் முடிந்தது. அவர்களுக்கு அது ஒரே பேச்சு. மழை, கூடை, நனைந்த கொழுந்து, பிரம்பு. நான் மூன்று தடவை பொன்னியாகவும் மற்றவர்களாகவும் நின்று "நான் பார்த்தேன்" என்று இங்கிலீசில் சொன்னேன். கொசுவைப் பற்றிப் பேசிய வக்கீல் எழுந்து தவணை கேட்டார். எதிர்த்தரப்பு வாதத்துக்காக வழக்கை ஒத்திவைத்துவிட்டு மாஜிஸ்திரேட் எழுந்தபோது சின்ன துரையின் முகம் பழுத்த ஈரப்பலாபோல மஞ்சளித்திருந்தது.

அந்த ஒத்திவைப்புக்குள்தான் எல்லாம் மாறியது. கொழும்பில் கவர்னர் மாறினார், பதுளையில் ஏஜண்டு மாறினார். புது ஏஜண்டு துரை நேர்மையானவர், அதை நான் கேலியாகச் சொல்லவில்லை. வந்த உடனே அன்னாசிப் பழக் கூடைகளைத் திருப்பி அனுப்பினார். பிறகு உத்தரவு வந்தது: முந்தைய ஏஜண்டின் சிபாரிசால் பதவி பெற்ற பிரக்கிராசிமார் எல்லோரும் இன்றோடு நீக்கம்.

சபாபதி அந்த உத்தரவைக் கோர்ட்டு விறாந்தையில் நின்று வாசித்தார். வாசித்து முடித்துப் பொடி டப்பாவைத் தேடினார், அது அவர் இடது கையிலேயே இருந்தது. வெளியே முதல் வெடி வெடித்தது. மீரான் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தூணுக்குப் பின்னால் போனார். சபாபதியின் குடையை வருஷக்கணக்காகச் சுமந்தவர் மீரான். அவர் சிரிக்கட்டும்.

"எனக்கு இது வேணும்தான்" என்றார் சபாபதி என்னிடம். "கையெழுத்து வாங்கிக் கெடச்ச வேலை கையெழுத்துல போச்சு. ஆனா அந்தப் புள்ளக்கி என்ன வழி?"

புதிதாக வந்தவர் ராஜநாயகம். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம், பிறந்து வளர்ந்தது கொழும்பு. வயது குறைவு. யாருக்கும் வேண்டியவர் அல்ல, யாரிடமும் ஒரு வாழைப்பழம் வாங்காதவர். பரீட்சையில் முதலாவதாக வந்து வேலை பெற்றவர். அங்கியில் ஒரு சுருக்கம் இருக்காது. தமிழ் பேசும்போது, கடையில் புதிதாக வாங்கிய செருப்பைப் போட்டு நடப்பதுபோல ஜாக்கிரதையாகப் பேசுவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதுதான் இன்றைக்கும் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. பிடிக்காதவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

உத்தரவில் இன்னொரு பிரிவும் இருந்தது. நீக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்குகளில் சலுகையோ சொந்தப் பகையோ கலந்திருக்கக்கூடும். ஆகையால் தீர்ப்பாகாதவற்றில் சாட்சிகளைப் புதிதாக விசாரிக்கப் புதியவர்கள் கோர்ட்டைக் கேட்டுக்கொள்ள வேண்டும். யார் இதைக் குற்றம் சொல்ல முடியும்? பகை கலந்துதானே இருந்தது! தலைப்பாகைக் கதையைச் சின்ன துரையின் வக்கீல் எழுதியே கொடுத்துவிட்டார்.

சபாபதி புதியவரைத் தேடி வந்தார். தலையில் ஒன்றும் இல்லை, கையில் அவரே பிடித்த குடை. கோர்ட்டுப் படியில் வைத்துக் கும்பிட்டார்.

"ஐயா, ஒரு வார்த்தை. அந்தக் கண்ணு வழக்கு. அந்தப் பொம்பளைங்களை மறுபடி நடந்ததைச் சொல்லச் சொல்லாதீங்க. சொல்லமாட்டாங்க. 'அன்னைக்குச் சூடம் அணைச்சது நீதானா'ன்னு மட்டும் கேளுங்க. ஆமான்னு சொல்லுவாங்க. பழைய வாக்குமூலத்தை வாசிங்க. போதும், வழக்கு நிக்கும்."

ராஜநாயகம் இரண்டு படி மேலே ஏறி நின்றுகொண்டார்.

"மன்னியுங்கோ. விலக்கின ஆளோட நான் வழக்குக் கதைக்கக் கூடாது. நீங்கள் இதில பேசினதே வழக்குக்குக் கூடாது."

"என்னை விட்டுத் தள்ளுங்க. என் மூஞ்சியில காறித் துப்புங்க. அந்தக் கேள்வியை மட்டும் கேளுங்க."

"மிஸ்டர் சபாபதி, போயிட்டு வாங்கோ."

அவர் போனதும் நான் மெல்லச் சொன்னேன்: "ஐயா, அவர் சொன்னது தோட்டத்து வழக்கம்தான்." ராஜநாயகம் கோபப்படவில்லை. "துபாசியார், உங்கட வேலை எவ்வளவு கடினம் எண்டு எனக்குத் தெரியும். அதில அபிப்பிராயத்தையும் சேர்க்காதையுங்கோ" என்றார். வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்குச் சொல்லித் தரப்பட்டதையே அவரும் சொன்னார்.

விசாரணை நாள். பொன்னி கூண்டில் ஏறினாள். மழை உண்டா என்று ராஜநாயகம் கேட்கவில்லை. நேராகவே கேட்டார், நேர்மையானவர் அப்படித்தான் கேட்பார்.

"இந்த மனுசிக்குக் கண் எப்படிப் போனது? உண்மையைச் சொல்லுங்கோ."

"சொல்லியாச்சுங்க."

"திரும்பச் சொல்லுங்கோ."

"மாட்டேனுங்க."

"ஏன்?"

"சொல்லியாச்சுங்க."

"முந்திச் சொன்னது உண்மை எண்டால் இப்ப சொல்ல என்ன பயம்?"

பொன்னி என்னைப் பார்த்தாள். கேள்வி எனக்கே புரியவில்லையா என்று கேட்கிற பார்வை. "நெசங்கிறதாலதானே சாமி சொல்லமாட்டேங்கிறேன். பொய்யா இருந்தா எத்தனை தடவைன்னாலும் சொல்லிட்டுப் போறேன், எனக்கென்ன?"

அதை இங்கிலீசில் சொன்னேன். என் வாயிலிருந்து அது ஒரு பைத்தியக்காரி பேச்சாக வந்து விழுந்தது. மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வேண்டுமானால் திரும்பவும் கோயிலுக்கே போகலாம் என்று ராஜநாயகம் இறங்கி வந்தார். "அணைச்ச சூடத்தைத் திரும்ப ஏத்துறதா? ஆத்தா!" என்று பொன்னி காதைப் பொத்திக்கொண்டாள். மற்ற இருவரிடமும் அதே பதில்தான். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருக்கவே இல்லை. எழுந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

விறாந்தையில் இடைவேளை. அங்கம்மாவிடம் மீரான் போய்க் குனிந்து சொன்னார், வெடிச் சத்தத்துக்குச் சிரித்த அதே மீரான்: "புள்ள, அவங்க சொல்லாட்டி என்ன, நீ சொல்லு. நீயும் மூடிக்கிட்டா இன்னைக்கே உன்னை உள்ள வச்சிருவாங்க. உன் வாயாலயாச்சும் சொல்லு."

"சூடம் அணைச்சிருக்கேனே."

"ஜெயில்ல ஆத்தா வந்து கூழு ஊத்துவாளா?"

தூரத்தில் உட்கார்ந்திருந்த பொன்னி, "அங்கம்மா, வேணாம்டீ" என்றாள். அதட்டலாக இல்லை, கெஞ்சலாக.

அங்கம்மா ஏறினாள். சொன்னாள். வரிசையாக, திக்காமல், எல்லாவற்றையும். நனைந்த கொழுந்து, எடை வெட்டியது, தான் கேட்டது, பிரம்பு வந்த திசை. கட்டை அவிழ்த்து அந்த இடத்தைக் காட்டினாள். நான் அவளுக்குப் பின்னால் ஓடி ஓடி "என் கண்" "என் கண்" என்று இங்கிலீசில் சொல்லிக்கொண்டிருந்தேன். ராஜநாயகத்தின் முகம் மலர்ந்தது. வழக்கு பிழைத்துவிட்டது என்று நினைத்தார். ஒரு நொடி நானும் நினைத்தேன்.

பிறகு அவர் ஒரு வக்கீல் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்தார். பொன்னியைத் திரும்பக் கூப்பிட்டார்.

"அவ இப்ப சொன்னதைக் கேட்டனீங்கள்தானே? நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். அவ சொன்னது உண்மையோ, இல்லையோ? அது மட்டும்."

பொன்னி அங்கம்மாவைப் பார்க்கவில்லை. கூண்டுக் கட்டையைப் பிடித்திருந்த தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"ரெண்டாந் தடவ சொன்னவ பேச்சு எங்களுக்கு ஒத்துக்காதுங்க."

"உண்மையா, இல்லையா?"

"அவ சொல்றது நெசமில்லீங்க."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். கங்காணி மிரட்டிச் சொல்லவில்லை, துரை காசு கொடுத்துச் சொல்லவில்லை. மூன்று பெண்களும் அம்மனுக்குப் பயந்து மனதறிந்து சொன்னார்கள். பொது சனத்துக்கான வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த சபாபதி எழுந்தார். "சூடம் அணைச்சது நீதானான்னு கேளுங்கய்யா! அதைக் கேளுங்க!" என்று கத்தினார். மாஜிஸ்திரேட் மீரானைப் பார்த்தார். மீரான் போய் அவர் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். உட்காரவைத்த கை அந்தத் தோளை விட்டு எடுபடாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

சின்ன துரை விடுதலை. பொய்ப் பிராது கொடுத்ததற்கும், அனுமதியில்லாமல் தோட்டத்தை விட்டு வந்ததற்கும் அங்கம்மாவுக்கு ஜெயில். தண்டனையைச் சொல்லும் முன் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"தொரைகிட்டக் கேட்டுச் சொல்லுங்க, துபாசி ஐயா. ஒரு தடவை சொன்னேன், அது கோர்ட்டுக்குப் பத்தல. ரெண்டு தடவை சொன்னேன், அது எங்க சனத்துக்குப் பொய். நான் எத்தனை தடவை சொல்லியிருக்கணும்?"

சொன்னேன். மாஜிஸ்திரேட் என் முகத்தையே கொஞ்சம் பார்த்தார், கேட்டது நான் என்பதுபோல. அப்புறம் "கைதி சொல்வதற்கு ஒன்றும் இல்லை" என்று எழுதிக்கொண்டார்.

ராஜநாயகம் படியில் என்னை நிறுத்தினார். "நான் சட்டப்படிதான் செய்தனான், துபாசியார். ஒரு இடத்திலயும் பிழை விடேல்லை."

"இல்லைங்க" என்றேன். உண்மை அதுதான். ஒரு இடத்திலும் பிழை இல்லை. இதை நான் எத்தனையோ வருஷம் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஊழல்காரன் ஒருவன் தன் வன்மத்துக்காக ஏற்றி வைத்திருந்த விளக்கைச் சுத்தமான ஒருவர் சுத்தமான கையால் அணைத்துவிட்டுப் போனார். ராஜநாயகம் பிற்பாடு பெரிய உத்தியோகத்துக்குக் கொழும்புக்குப் போனார். தகுதியுள்ளவர், போக வேண்டியவர்தான். சின்ன துரை அதே தோட்டத்தில் பெரிய துரையானார். சபாபதி தகப்பனாரின் ஜவுளிக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தார். அன்றைக்கு வெடி கொளுத்தியவர்களில் எத்தனை பேர் அங்கம்மாவின் பெயரையாவது கேட்டிருந்தார்கள்? நாகலிங்கம், போன வாரம் நீக்கப்பட்டவர்களின் மேசையில் பாதி வழியில் யார் யார் நிற்கிறார்கள் என்று போய்ப் பாரும். கற்கண்டை அப்புறம் தின்னலாம்.

தண்டனை முடிந்த காலையில் ஒரு கைதிக்காக மொழிபெயர்க்க நான் ஜெயிலுக்குப் போயிருந்தேன். அங்கம்மாவை வெளியே விட்டார்கள். மீதி ஒப்பந்தத்தை அதே தோட்டத்தில் கழிக்க வேண்டும் என்பது சட்டம். அழைத்துப் போகப் பெரிய கங்காணி வந்திருந்தார், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு. நல்ல தூறல். கொஞ்சம் தள்ளி பொன்னி நின்றாள். அவளை யாரும் வரச்சொல்லவில்லை. அங்கம்மாவின் கம்பளியை மடித்து எடுத்து வந்திருந்தாள். காம்பிராவில் இத்தனை நாளும் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். துவைத்தும் இருந்தது.

"நனையாதே" என்றாள்.

ஆனால் கையில் கொடுக்கவில்லை. பாதையில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு நாலு எட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அங்கம்மா குனிந்தாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. கை கம்பளிக்கு இந்தப் பக்கமே சேற்றில் போய் விழுந்தது. பொன்னியின் உடம்பு தானாக முன்னுக்குச் சாய்ந்தது, அப்படியே நின்றுவிட்டது. அங்கம்மா சேற்றுக் கையாலேயே தடவித் தடவிக் கம்பளியைக் கண்டுபிடித்து எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"நட" என்றார் கங்காணி.